வெட்டு அகலத்தை டிராயிங்கில் திருத்துவதா, கேம் (CAM) மென்பொருளில் விடுவதா? காடி சேரவே மாட்டேன் என்கிறது

புதுப்பொறி
எல்லோருக்கும் வணக்கம். வெக்டர் வரைவது எனக்குப் பல வருடப் பழக்கம், பிளாஸ்மா மேசைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. குறுக்காகக் கோத்து நிற்கும் ஒரு சின்ன ஸ்டாண்டு செய்கிறேன். இரண்டு தகடு, இரண்டிலும் ஓரத்திலிருந்து பாதி உயரத்துக்கு ஒரு காடி, ஒன்றை இன்னொன்றில் செருகினால் நிற்க வேண்டும். 3 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடு, 45 ஆம்ப். டிராயிங்கில் வெளி அளவு 200, காடி 3.2, போல்ட் ஓட்டைகள் 9.

முதல் தடவை கோட்டின் மேலேயே வெட்டினேன். வெளி அளவு 198.5, காடி 4.7, ஓட்டை 10.5 வந்தது. சரி, தீ தின்னும் அகலம் 1.5 என்று புரிந்துகொண்டேன். வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 0.75 அவுட்செட் (கோட்டை வெளிப்பக்கம் தள்ளுவது) கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி வெட்டினேன். இப்போது வெளி அளவு 201.2, காடி 2.0, ஓட்டை 10.8. தகடு காடிக்குள் நுழையவே இல்லை, ஓட்டையோ முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தப்பு?

தகடுதாசன்
ஸ்கேல் பிரச்சினை போலத் தெரிகிறது. இங்க்ஸ்கேப் 0.92-க்கு முன்னால் ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி, அதற்குப் பிறகு 96. எஸ்விஜியைத் திறக்கும் மென்பொருள் வேறு கணக்கில் படித்தால் எல்லா அளவும் மாறிவிடும். எனக்கு ஒருமுறை இப்படித்தான் நடந்தது, பாதி நாள் போச்சு.

வெர்னியர்
தாசன், அது ஸ்கேலாக இருந்தால் 200 என்பது 187.5 ஆகியிருக்கும், இல்லை 213.3 ஆகியிருக்கும். ஒன்றரை மில்லியோடு நிற்காது. அதோடு ஸ்கேல் தப்பு எல்லாவற்றையும் ஒரே பக்கம்தான் இழுக்கும். இங்கே வெளி அளவு கூடியிருக்கிறது, காடி குறைந்திருக்கிறது. பெரிய அளவில் நிறைய, சின்ன அளவில் கொஞ்சம் என்று விகிதப்படி தப்பினால் ஸ்கேல். 200-லும் 3-லும் அதே ஒன்றரை தப்பினால் கெர்ஃப், அதாவது தீ தின்னும் அகலம். வெர்னியர் காலிப்பரை எடுக்கும்போது முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

புதுப்பொறி, ஒரு கேள்வி. இரண்டாவது தடவை ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளைகள்) எடுக்கும்போது, டார்ச்சின் பாதையைப் போடும் கேம் மென்பொருளில் ஆஃப்செட் (பாதையைக் கோட்டிலிருந்து பாதிக் கெர்ஃப் தள்ளுவது) எதில் இருந்தது?

புதுப்பொறி
ஷீட்கேம் அண்ணா. முதல் தடவை ஆஃப்செட் வேண்டாம் என்று போட்டிருந்தேன். இரண்டாவது தடவை... இப்போதுதான் திறந்து பார்த்தேன். வெளிக்கோட்டுக்கு ‘வெளிப்புறம்’, ஓட்டைகளுக்கு ‘உட்புறம்’, டூலில் கெர்ஃப் 1.5. இடையில் வேறு ஒருவரின் வேலை ஒன்று வெட்டினேன், அதற்கு மாற்றியது அப்படியே இருந்திருக்கிறது. ஐயோ.

வெர்னியர்
அதேதான். ஒரே அகலத்துக்கு இரண்டு தடவை ஈடு கொடுத்திருக்கிறீர்கள், டிராயிங்கில் ஒன்று, கேமில் ஒன்று. கணக்கு போட்டுப் பாருங்கள், உங்கள் எண்கள் எல்லாக் கதையையும் சொல்லிவிடுகின்றன.

வெளி அளவு 200-ஐ அவுட்செட் 201.5 ஆக்கியது. கேம் அதையே சரியான அளவு என்று நம்பி, அதற்கு வெளியே 0.75 தள்ளி டார்ச்சை ஓட்டியது. அதனால் பாகம் 201.5 வந்திருக்க வேண்டும். காடி வெளிக்கோட்டின் ஒரு பகுதி, எனவே அவுட்செட் அதை 3.2-லிருந்து 1.7-க்குக் குறுக்கிவிட்டது. ஓட்டைகளைத் தனி வட்டங்களாக வைத்திருக்கிறீர்கள் இல்லையா? அவையும் அவுட்செட்டில் பெருத்து 10.5 ஆகிவிட்டன. ஓட்டை உள்நோக்கிச் சுருங்க வேண்டியது, வெளிநோக்கிப் போய்விட்டது. வெளிக்கோட்டையும் ஓட்டைகளையும் முதலில் கம்பைன் செய்து ஒரே பாதையாக்கிவிட்டு அவுட்செட் கொடுத்திருந்தால் இங்க்ஸ்கேப் ஓட்டையைச் சரியாகச் சுருக்கியிருக்கும். தனித்தனி உருவம் என்றால் ஒவ்வொன்றையும் ஊதிவிடும், அதற்கு எது தகடு எது ஓட்டை என்று தெரியாது.

ஆக வர வேண்டியது 201.5, 1.7, 10.5. வந்தது 201.2, 2.0, 10.8. மூன்றிலும் சொல்லிவைத்தாற்போல் 0.3 அதிகம் தின்றிருக்கிறது. அதாவது அன்றைக்கு உங்கள் உண்மையான கெர்ஃப் 1.5 இல்லை, 1.8. ஒரு வாரத்தில் எத்தனை பியர்ஸ் (தகட்டைத் துளைத்து வெட்ட ஆரம்பிப்பது) போனது? டார்ச் முனையில் இருக்கும் நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்.

புதுப்பொறி
நூறுக்கு மேல் போயிருக்கும். நாசில் துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. எலக்ட்ரோடு நடுவிலும் நல்ல குழி.

தகடுதாசன்
ஸ்கேல் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பாதி நாள் போனது உண்மை.

கோணல்கோடு
நான் இதில் கட்சி மாறிப் பேசுகிறேன். பெயர்ப்பலகை, ஜன்னல் கம்பி வேலைப்பாடு எல்லாம் டிராயிங்கிலேயே ஈடு கொடுத்துத்தான் இத்தனை வருடமும் வெட்டுகிறேன். கேமில் ஆஃப்செட்டை நிறுத்திவிடுவேன். திரையில் பார்க்கும் கோடுதான் டார்ச் போகும் கோடு, நடுவில் எந்த மென்பொருளும் மூக்கை நுழைக்காது. இரட்டை ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெர்னியர்
கோணல், நாளைக்கு 1.8 ஆனால்? 65 ஆம்ப் நாசில் போட்டால்? மெல்லிய வெட்டுக்கான ஃபைன்-கட் நாசில் போட்டு ஒரு மில்லிக்கும் கீழே வந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராயிங் வைத்திருப்பீர்களா? மூன்று மாதம் கழித்து கோப்பைத் திறந்தால் அதில் இருக்கும் 201.5 பாகத்தின் அளவா, ஈடு கொடுத்த அளவா என்று யாருக்குத் தெரியும்? டிராயிங் என்றால் முடிந்த பாகத்தின் அளவு, அவ்வளவுதான். வெட்டு அகலம் மெஷினின் விஷயம், அது மெஷின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கேமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது.

கோணல்கோடு
ஸ்டாண்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நீங்கள் சொல்வது சரி. எழுத்துக்கு வாருங்கள். தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டும்போது ‘க’வின் வயிறு, ‘ழ’வின் சுழி இதெல்லாம் தகட்டோடு பிடித்து வைக்கும் பாலம் இல்லாவிட்டால் கீழே விழுந்துவிடும். பாலத்துக்கு 3 மி.மீ. விட்டு வரைகிறார்கள், கோட்டின் மேலேயே வெட்டுகிறார்கள், இரண்டு பக்கத்திலும் முக்கால் முக்கால் போய் மிஞ்சுவது 1.5. அந்தச் சூட்டில் அது வளைந்து தொங்கும், இல்லை உருகி ஓடும். கேமில் ஆஃப்செட் போட்டாலும் எழுத்தின் ஒல்லியான வால் பகுதி கெர்ஃபைவிடக் குறுகலாக இருந்தால், உள்பக்கம் நுழைய டார்ச்சுக்கு இடம் இல்லை என்று மென்பொருள் அந்த வாலைச் சத்தமில்லாமல் வெட்டாமல் விட்டுவிடும். ‘ரு’ வெட்டப் போட்டது ‘ர’வாக வந்த கதை என்னிடம் இருக்கிறது.

அதற்கு நான் செய்வது இது. பாதைக்கு நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு, கோட்டுத் தடிமனைக் கெர்ஃப் அகலத்துக்கே, அதாவது 1.5 மி.மீ. என்று வைப்பேன், மூலைகளை உருண்டையாக்குவேன், நிறத்தைப் பாதி மங்கலாக்குவேன். இப்போது திரையில் தடிமனாகத் தெரிவது முழுக்கத் தீ தின்னப்போகும் இடம், மிச்சம் தெரிவது இரும்பு. எங்கே இரண்டு கோடு ஒட்டிக்கொள்கிறதோ அங்கே பாலம் இல்லை என்று அர்த்தம். எங்கே எழுத்தின் உள்ளே வெள்ளையே தெரியவில்லையோ அங்கே இரண்டு பக்கமும் ஓட வேண்டாம், நடுவில் ஒற்றைக் கோடு போட்டு ஆஃப்செட் இல்லாமல் ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடலாம். டார்ச்சின் அகலமே வாலின் அகலம்.

வெர்னியர்
இது அருமையான வழி, மறுக்கவே இல்லை. அதில் கோட்டுத் தடிமன் பார்வைக்கு மட்டும்தானே, பாதை மாறவில்லை. ஒருவகையில் நீங்களும் என் கட்சிதான்.

கோணல்கோடு
அப்படியெல்லாம் சுலபமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். :)

பட்டறைப்பூனை
தாமதமாக வருகிறேன். புதுப்பொறி, எல்லோரும் எண்ணைப் பற்றியே பேசுகிறார்கள், திசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாசிலுக்குள் காற்று சுழன்றுகொண்டே வருகிறது, அதனால் வெட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. டார்ச் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது பக்கம் நேராக நிற்கும், இடது பக்கம் சாய்ந்திருக்கும். வழக்கமான சுழல் வளையம் போட்ட எல்லா டார்ச்சிலும் இதுதான். எனவே நல்ல பாகம் எப்போதும் வலது பக்கம் இருக்க வேண்டும், கழிவு இடது பக்கம். வெளிக்கோட்டைக் கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும், ஓட்டைகளை எதிர்த்திசையில். மெஷினின் கன்ட்ரோலரில் ஈடு கொடுப்பவர்களுக்கு இரண்டுமே ஜி41 கட்டளைதான், டார்ச் கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளிப் போகிறது. கேமில் ஏற்கெனவே கொடுத்துவிட்டு ஜி41-ம் சேர்ந்து வந்தால் அங்கேயும் இரட்டை ஈடுதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

திசை தப்பினால் அளவு சரியாக வந்தும் காடி சேராது. மேலே 3.2 இருக்கும், அடியில் 2.7 இருக்கும். வெர்னியர் காலிப்பரின் வாய் மேல்விளிம்பில் உட்கார்ந்து ‘எல்லாம் சரி’ என்று பொய் சொல்லும்.

புதுப்பொறி
அண்ணா, வெளிக்கோடு எந்தத் திசையில் ஓடியது என்று கவனிக்கவே இல்லை. காடி வெளிக்கோட்டோடு சேர்ந்ததுதானே, அதற்குத் தனியாக ஏதாவது உண்டா?

பட்டறைப்பூனை
உண்டு. 3.2 காடியில் கெர்ஃப் 1.5 என்றால் இரண்டு பக்கக் கோட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது 0.2 மி.மீ. பட்டை. அது நிற்காது, உருகிவிடும். திரும்பி வரும்போது டார்ச்சுக்கு ஒரு பக்கம்தான் இரும்பு, மறுபக்கம் காற்று. ஆர்க் தடுமாறும், மின்னழுத்தம் ஏறும், உயரக் கட்டுப்பாடு ‘டார்ச் மேலே போய்விட்டது’ என்று நினைத்துக் கீழே இறக்கும், மூக்கு தகட்டில் முட்டும். எனவே காடிக்குள் உயரக் கட்டுப்பாட்டைப் பூட்டி வையுங்கள். முடிந்தால் காடி அகலத்தைக் கெர்ஃபின் இரண்டு மடங்குக்கு நன்றாக மேலே வையுங்கள்.

உள்மூலையும் கூர்மையாக வராது, பாதிக் கெர்ஃப் ஆரம் கட்டாயம் இருக்கும். காடியின் அடியில் அந்த உருண்டையில் எதிர்த் தகட்டின் மூலை முட்டி ஒரு மில்லி தூக்கிக்கொண்டு நிற்கும். காடியை இரண்டு தகட்டிலும் ஒரு மில்லி ஆழமாக வரைந்தால் போதும்.

இன்னொன்று, தகடு 3 மி.மீ. என்று வாங்கியது உண்மையில் எவ்வளவு என்று அளந்தீர்களா? 2.8-ம் வரும், 3.1-ம் வரும். செதிலோடு துரு வேறு. எதிர்த் தகட்டின் தடிமனைக் கையால் அளக்காமல் காடி அகலத்தை நிர்ணயிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தைப்பது மாதிரி.

தகடுதாசன்
நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கெர்ஃபை அளப்பதே எப்படி? நான் ஒரு நேர்கோடு வெட்டி அதில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது.

வெர்னியர்
இடுக்கில் ஸ்லாக் (உருகி இறுகிய கசடு) துளி ஒன்று ஒட்டியிருந்தாலும் கேஜ் நிற்கும். இடுக்கை அளக்காதீர்கள், பாகத்தை அளங்கள். 50 மி.மீ. சதுரம், அதன் நடுவில் 25 மி.மீ. சதுர ஓட்டை. ஆஃப்செட் இல்லாமல் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். வேலைக்கு எந்தத் தகடோ அதே தகடு, அதே ஆம்ப், அதே வேகம், அதே உயரம். ஆறட்டும், சூட்டோடு அளக்க வேண்டாம். அடியில் ஒட்டிய ஸ்லாக்கை உளியால் தட்டிவிட்டு, லீட்-இன் (டார்ச் கோட்டுக்குள் நுழையும் இடம்) தழும்பு இல்லாத இடத்தில், பக்கத்தின் நடுவில் அளங்கள். 50-லிருந்து வெளி அளவைக் கழித்தால் ஒரு கெர்ஃப். உள் அளவிலிருந்து 25-ஐக் கழித்தால் இன்னொரு கெர்ஃப். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ் திசையில் ஒன்றும் ஒய் திசையில் வேறொன்றும் வந்தால் அது கெர்ஃப் இல்லை, மெஷினில் எங்கோ ஆட்டம் இருக்கிறது, பெல்ட்டையோ கியரையோ பாருங்கள். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அரை மில்லி வித்தியாசம் என்றால் டார்ச் சாய்ந்திருக்கிறது அல்லது உயரம் தப்பு. உயரம் கூடினால் கெர்ஃபும் கூடும், சாய்வும் கூடும்.

வேகமும் அப்படித்தான். மெதுவாகப் போனால் வெட்டு அகலும், அடியில் தடிமனான ஸ்லாக் கட்டும். படத்தை ட்ரேஸ் செய்து எடுத்த வெக்டரில் ஒரு வளைவுக்கே முந்நூறு நோடு (கோட்டைத் தாங்கும் புள்ளி) இருக்கும், மெஷின் ஒவ்வொன்றிலும் திக்கித் திக்கிப் போகும், அங்கெல்லாம் வெட்டு தடித்துவிடும். ஈடு எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. முதலில் நோடுகளைக் குறையுங்கள், முடிந்தவரை வில்லாக மாற்றுங்கள்.

தகடுதாசன்
முந்நூறு நோடு என்று சொன்னதும் என் மயில் டிசைன் ஞாபகம் வந்துவிட்டது. தோகை முழுக்க பல் பல்லாக இருந்தது, நான் நாசிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதுப்பொறி
நாசில் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சதுரம், மாற்றிய பிறகு ஒரு சதுரம் வெட்டினேன். பழைய நாசில்: வெளியே 48.2, உள்ளே 26.8. புதிய நாசில்: வெளியே 48.5, உள்ளே 26.5. அதாவது 1.8-ம் 1.5-ம். வெர்னியர் அண்ணா, தகட்டைப் பார்க்காமலே அந்த 0.3-ஐக் கண்டுபிடித்ததை இன்னும் நம்ப முடியவில்லை.

டிராயிங்கைப் பழையபடி 200, 9 என்றே வைத்துவிட்டேன். எதிர்த் தகடு 2.9 இருந்தது, காடி 3.2 போதும் என்று விட்டேன், ஒரு மில்லி ஆழம் மட்டும் கூட்டினேன். ஈடு கேமில் மட்டும், 1.5. வெளிக்கோடு கடிகாரத் திசை, ஓட்டைகள் எதிர்த்திசை. காடிக்குள் உயரக் கட்டுப்பாடு பூட்டு. வெட்டி எடுத்து ஸ்லாக்கைத் தட்டிவிட்டுச் செருகினேன். பாதி வரை கையாலேயே போயிற்று, அப்புறம் மரச்சுத்தியால் இரண்டு தட்டு. ஆடாமல் நிற்கிறது!

ஆனால் ஓட்டை மட்டும் இன்னும் மனசுக்குப் பிடிக்கவில்லை. அளவு 9-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வட்டமாக இல்லை. ஆரம்பித்து முடியும் இடத்தில் ஒரு கடி.

பட்டறைப்பூனை
அது ஈட்டின் குற்றமில்லை. ஓட்டை வெட்டும்போது வேகத்தை அறுபது சதவீதத்துக்குக் குறையுங்கள், உயரக் கட்டுப்பாட்டை அங்கேயும் நிறுத்துங்கள். பியர்ஸ் செய்யும் இடம் கெர்ஃபைவிட அகலமாகத்தான் உருகும், அதனால் அது ஓட்டையின் நடுவில் இருக்கட்டும், அங்கிருந்து ஒரு வில்லாக வந்து வட்டத்தில் சேரட்டும். லீட்-அவுட் (முடித்ததும் கோட்டை விட்டு விலகி ஓடுவது) வேண்டாம். சுற்றி முடித்ததும் ஆரம்பித்த இடத்தைக் கொஞ்சம் தாண்டி ஓடி அணைய வேண்டும். திரும்பி உள்ளே இழுத்தால்தான் அந்தக் கடி விழும்.

வேகத்தைக் குறைத்ததும் ஓட்டையில் மட்டும் கெர்ஃப் கொஞ்சம் கூடும், ஓட்டை ஒரு மயிரிழை பெரிதாக வரும். ஓட்டைக்கென்று கேமில் தனி டூல் வைத்து அதற்கு வேறு கெர்ஃப் எண் கொடுங்கள். தகட்டின் தடிமனைவிடச் சின்ன ஓட்டையை பிளாஸ்மாவில் வெட்டவே வேண்டாம், ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

கோணல்கோடு
சின்ன ஓட்டை வெட்டிவிட்டு அப்புறம் ட்ரில் விட்டுப் பெரிதாக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றை வைத்து வெட்டிய விளிம்பு நைட்ரஜன் ஏறி இறுகிப்போயிருக்கும், ட்ரில் முனை கீச்சிடும், மழுங்கும். துல்லியம் வேண்டிய ஓட்டைக்குச் சென்டர் இடத்தை மட்டும் குறித்துவிட்டு முழுசாக ட்ரில்லிலேயே போடுவது நல்லது.

புதுப்பொறி
கீச்சிட்டது அண்ணா. நேற்றே ஒரு ட்ரில் முனை போய்விட்டது, ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

தனி டூல் வைத்துவிட்டேன், ஓட்டைக்குக் கெர்ஃப் 1.6. மூன்று ஓட்டை வெட்டினேன், 9.0, 9.1, 9.0. கடி இல்லை. அந்த இரண்டு சோதனைச் சதுரத்திலும் மார்க்கரால் 1.8, 1.5 என்று எழுதி கம்ப்ரஸர் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்கிறேன். அடுத்த நாசில் மாற்றும்போது மூன்றாவது சேரும்.

தகடுதாசன்
கோப்பைப் பகிர முடியுமா? ஸ்கேலை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன்.

வெர்னியர்
தாசன்!